வெளியாள் தொட்ட எண்

ஜாவா என்ற கணினி மொழி தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் திமிர் இருந்த காலம் அது. எனக்குக் கூடுதலாகவே இருந்தது. மணவாள நகரிலிருந்து ரயில் மாறி கும்மிடிப்பூண்டிக்குப் போவேன். பெயின்ட் அடித்த இரும்புச் சாமான்களை ஓவனில் வாட்டும் கம்பெனி ஒன்றில் புரோகிராமர் வேலை.

ஓவன் எவ்வளவு சூடு வரை போகலாம் என்ற எண் என் நிரலில் இருந்தது. யார் அதைத் தொடலாம் என்று குறிக்கும் சொல் எதையும் அதற்கு முன்னால் போடாமல் விட்டிருந்தேன். அப்படி விட்டால், ஒரே பேக்கேஜுக்குள், அதாவது ஒரே தொகுப்புக்குள், இருக்கும் நிரல்கள் மட்டும் அதைத் தொடலாம். வெளியே இருப்பவற்றால் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. இந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ரிப்போர்ட் நிரல் எழுதக் காண்ட்ராக்டில் வந்தவர் பழவேற்காட்டுக்காரர், என் வயதுதான். அவருடைய பேக்கேஜ் வேறு; அதனால் அந்த எண்ணைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டார்.

"இன்னா மேடம், பேஜாரு பண்றீங்க? நம்பரைப் படிச்சிக்கினு போய்டப் போறேன், அவ்ளோதான்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் 'பப்ளிக்' என்று போட்டுக் கொடுத்தேன். இனி யாரும் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம்.

அடுத்த வாரம் ஒரு லோடு முழுக்கக் கருகி வந்தது. அந்த எண்ணை நிரலில் ஏதோ ஒரு வரி ஏற்றிவிட்டிருந்தது. "வெளியாளுக்குத் திறந்துவிட்டேன் சார், அதான்" என்றேன் மேனேஜரிடம், பார்க்காமலே. "நாளையிலேர்ந்து அந்த ஆள் வரவேணாம்" என்றார் அவர்.

முதலில் பூட்டிவிடுவோம் என்று 'பப்ளிக்'கை எடுத்தேன். பூட்டிய எண்ணைத் தொட முயன்ற வரிகளைக் கணினி பிழை என்று காட்டியது; அவருடைய நிரலில் இரண்டு இடம். இரண்டுமே எண்ணைப் படிக்கிற வரிகள். மாற்றுகிற வரி ஒன்றுகூட இல்லை. அப்படியானால் சூட்டை ஏற்றிய வரி உள்ளேதான் இருக்க வேண்டும். பேக்கேஜுக்குள் இருப்பவர்களை அந்த விதி கேள்வியே கேட்பதில்லை. 'பிரைவேட்' என்று போட்டேன். இப்போது என் மற்ற கோப்புகளாலும் அதைத் தொட முடியாது. மூன்றாவது பிழை வந்தது. கோப்பு என்னுடையது. சோதனைக்காக நான் சூட்டை ஏற்றிவைத்து, அழிக்க மறந்த வரி.

அதற்குள் அவர் பையை மாட்டிக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

"நான் எழுதுனதுல எது தப்புன்னு மட்டும் சொல்லுங்க மேடம். அடுத்த எடத்துல பண்ணாம இருப்பேன்."

திரையில் இருந்ததை மூட என் கை மவுஸ் வரை போனது. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

"உங்க வரி ஒண்ணும் தப்பில்ல. தப்பு என்னோடது. பையக் கழட்டி வைங்க" என்று சொல்லிவிட்டு, மேனேஜர் அறைக்கு நடந்தேன்.