கண்ணை மூடினால் திறக்கிற வாய்

சனிக்கிழமை மீன் ஆய்கிற வேலை ஜெயராணியுடையது. தேவனாம்பட்டினத்திலிருந்து கூடையோடு வருகிற பெண்ணிடம் சங்கரா வாங்கி, பின்பக்கக் குழாயடியில் குந்திச் செதில் சீவ ஆரம்பித்தால், கடலூர் செம்மண்டலத்தில் பாதித் தெருவின் சேதி கத்திச் சத்தத்தோடு சேர்ந்து வெளியே வரும். யார் வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுக் கம்மென்று போனார்கள், எந்த வீட்டில் மாமியாருக்குத் தனி அடுப்பு, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பிளவுஸ் தைக்கிறவளுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? அளவு கொடுக்க வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்கள் மனசையும் சேர்த்தல்லவா திறந்துவிடுகிறார்கள்!

இந்த வருஷம் ஜனவரி முதல் தேதியோடு அதற்கு ஒரு முடிவு வந்தது. புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் சர்ச்சில் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அதில் வருகிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தருகிற வார்த்தை. மற்றவர்களுக்கெல்லாம் சமாதானமும் பெருக்கமுமாக வந்தது. ஜெயராணிக்கு, நாவைக் காத்துக்கொள் என்று வந்தது.

"ஊருக்கெல்லாம் ஆசீர்வாதம் குடுத்துட்டு எங்கம்மாவுக்கு மட்டும் பூட்டு குடுத்துட்டாருடா" என்று மகன் இளவரசு தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

ஜெயராணி சிரிக்கவில்லை. வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும், 'ஆண்டவரே, பேசட்டுமா?' என்று மனசுக்குள் கேட்க ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா, வெலய சொல்லிட்டு எவ்ளோ நேரம் நிக்கிறது? பல்லு வலியா?" என்றாள் மீன்காரி.

"இரும்மா, கேட்டுகினு இருக்கேன்."

"யாருகிட்ட?"

மீன் பேரத்துக்கு மட்டும் ஆண்டவர் ஒரு நாளும் வேண்டாமென்று சொன்னதில்லை. ஊர்ப்பேச்சுக்குத்தான் அனுமதி கிடைப்பது கஷ்டமாக இருந்தது. அளவு கொடுக்க வருகிறவர்கள் கதையை ஆரம்பித்தால் உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொள்வாள். ஊசி இருக்கிற வாயால் ஊம் கொட்ட மட்டும்தான் முடியும்.

பிப்ரவரியில் மருமகள் அருள்மொழி அவளிடம் ஒரு விஷயம் சொன்னாள். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள், கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருஷமாக ஆறாம் வகுப்புக்குத்தான் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தாள். சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு ஆள் தேடினார்கள். வருகிற திங்கட்கிழமை இன்டர்வியூ.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க அத்த. என் ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் இந்த ஸ்கூல் பீரோவுலதான் கெடக்குது. தெரிஞ்சா தராம இழுத்தடிப்பாங்க."

"நான் ஏம்மா சொல்லப்போறேன்" என்றாள் ஜெயராணி. சொல்லவுமில்லை. மூன்று வீடு தள்ளியிருக்கும் அமராவதி, அருள்மொழி வேலை பார்க்கிற பள்ளியின் ஹெச்.எம்முக்கு நாத்தனார், இரண்டு நாள் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஊசிகள் உதட்டைவிட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜெயராணி வீட்டு ஹாலில் பெண்களின் உபவாச ஜெபம். எட்டுப் பேர் பாயில் முழங்காலிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் சத்தமாக ஜெபிப்பார்கள். ஜெயராணியின் முறை வந்தது. கண்ணை மூடினாள். எதிரே மனுஷர் யாருமில்லை, ஆண்டவர் மட்டும்தான். அவரிடம் பேசுவதற்கு அவரிடமே அனுமதி கேட்பார்களா?

"ஆண்டவரே, திங்கக்கிழம காலைல சிதம்பரத்துக்கு இன்டர்வியூ போற என் மருமகள உம்ம கையில ஒப்புக்குடுக்குறேன். வயித்து வலின்னு லீவு லெட்டரு எழுதி வச்சிருக்கா, அதையும் மன்னிச்சிடும் ராஜா. அவள ஆறாங்கிளாஸ்லயே அமுக்கி வச்சிருக்கிற ஹெச்செம்மோட கல்லு மனச..."

கண்ணீர் வந்தது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அதில் உரக்கக் கேட்டது அமராவதியின் ஆமென்.

செவ்வாய்க்கிழமை ஹெச்.எம். அருள்மொழியைக் கூப்பிட்டு, "வயித்து வலி எப்டிம்மா இருக்கு? சிதம்பரத்துல டாக்டர் நல்லவரா?" என்று கேட்டார். அன்றிலிருந்து காலை கேட் டூட்டியும் சாயங்கால பஸ் டூட்டியும் அவளுக்கே. சர்டிபிகேட் பேச்சை எடுத்தபோது, "ஏப்ரல் கடைசில பாக்கலாம், உங்க நடத்தையப் பொறுத்து" என்று பதில் வந்தது.

அருள்மொழி வீட்டுக்கு வந்து கத்தவில்லை. கத்தியிருந்தால் ஜெயராணிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆண்டவர்கிட்டதான சொன்னேன்" என்றாள் ஜெயராணி.

"அவருக்குக் காது நல்லாவே கேக்கும் அத்த. மனசுல நெனச்சாலே கேக்கும். அமராவதி அக்காவுக்குத்தான் சத்தமா சொல்லணும்."

அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்வதில்லை. சண்டையில்லை, முகத்தைத் தூக்கவில்லை. சாம்பாரில் உப்பு ஜாஸ்தியா என்றால், சரியா இருக்கு அத்த என்பாள். போன் வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். தெருவே வந்து மனசைக் கொட்டிவிட்டுப் போகிற வீட்டில், கூட இருக்கிறவள் ஒரு வார்த்தை சொல்வதில்லை. இரண்டு முறை அப்படிக் கதவு சாத்தியபோது ஜெயராணி தைத்த பிளவுஸ் கையைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியிருந்தது. கவனமில்லாமல் இடது கையை வலதில் வைத்துவிட்டாள்.

மார்ச் கடைசியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அருள்மொழி குழந்தைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "அத்த, எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க, கையெல்லாம் நொர" என்றாள்.

"சிதம்பரத்துலேருந்து பேசறோம் மேடம். நீங்க செலக்ட் ஆயிட்டீங்க. ஆர்டர் அடுத்த வாரம் தபால்ல வரும். ஜூன்ல சேரும்போது ஒரிஜினல்ஸ் கொண்டாந்துடுங்க."

போன் அணைந்தது. ஜெயராணிக்கு 'ஸ்தோத்திரம்' என்று கத்த வேண்டும்போல இருந்தது. நுரைக் கையோடு அருள்மொழி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் யாருகிட்டயும்..."

"நாளைக்கி வெள்ளிக்கெழம அத்த" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் தலையில் தண்ணீரை ஊற்றினாள்.

மறுநாள் அருள்மொழி பள்ளிக்குப் போய்விட்டாள். பதினோரு மணிக்கு ஹாலில் பாய் விரித்தாயிற்று. ஜெயராணியின் முறை வந்தது. கண்ணை மூடியதும் வழக்கம்போல மடை திறந்துகொண்டது. ஆண்டவரே என்று ஆரம்பித்தாள். ஸ்தோத்திரமும் சிதம்பரமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பல் வரைக்கும் வந்து நின்றன. அவள் வாயை மூடினாள். ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். யாரோ ஒரு கண்ணைத் திறந்து பார்த்திருக்க வேண்டும், வளையல் குலுங்கியது. உள்ளுக்குள் அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள், கல்லு மனசு ஹெச்.எம். உட்பட. ரொம்ப நேரம் கழித்து "ஆமென்" என்றாள். முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் மற்றவர்கள் முன்னும் பின்னுமாக ஆமென் சொன்னார்கள்.

எல்லாரும் போன பிறகும் அமராவதி போகவில்லை.

"இன்னாக்கா, ஜெபிச்சீங்களா, தூங்கிட்டீங்களா?"

"ஜெபிச்சேன்."

"யாருக்கு? அருள்மொழிக்கா? அந்த சிதம்பரம் இன்னா ஆச்சு, கெடச்சிடுச்சா?"

இல்லையென்றால் பொய். ஆமாம் என்றால் அருள்மொழியின் சர்டிபிகேட் பீரோவோடு போச்சு. ஜெயராணி பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"சொன்னாத்தான நாங்களும் பாரமெடுத்து ஜெபிக்க முடியும்? நான் யாருகிட்ட சொல்லப்போறேன்?"

ஜெயராணி பாயைச் சுவரோரம் நிறுத்தினாள். அது சரிந்தது. மறுபடியும் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மேல கோவமாக்கா?"

மின்விசிறியை அணைத்தாள் ஜெயராணி. அமராவதி வேதபுத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டுகிற சாக்கில் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போனாள்.