என் பேர் வேண்டாம் என்றேன்

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற குடோனில் என்னோடு உட்கார்ந்து காய் பொறுக்குகிற பெண்கள், வீட்டில் யாருக்காவது ஆயுள் பாலிசி எடுப்பதாக இருந்தால் முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். அடிபட்டவள் சரியாகச் சொல்வாள் என்று ஒரு நினைப்பு. மாசம் எவ்வளவு கட்ட வேண்டும், நடுவில் கட்ட முடியாமல் போனால் போட்டது போய்விடுமா, சர்க்கரை இருந்தால் சொல்ல வேண்டுமா, எல்லாம் கேட்பார்கள். சர்க்கரையை மறைக்காதே, கட்டுகிற தேதியைத் தவறவிடாதே என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். "பணம் யாருக்குப் போகணும்னு எழுதப் போறீக?" என்று நான் திருப்பிக் கேட்டால் மட்டும் வந்தவள் குனிந்து காயைப் பொறுக்க ஆரம்பித்துவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வீட்டுக்கு அந்தக் கேள்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. என் வீட்டுக்காரர் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். திங்கட்கிழமை காலையில் ஜீப்பில் ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். அதனால் ஏஜெண்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்தார். ஏஜெண்டு வேற்று ஆள் இல்லை, வீட்டுக்காரருக்கு அத்தை மகன். சொந்தக்காரரிடம் துருவித் துருவிக் கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும் அல்லவா, அதனால் யாரும் எதையும் கேட்கவில்லை. ஏஜெண்டுதான் கேட்டார்.

"மச்சான், உங்களுக்கு ஒண்ணுன்னா பணம் யாருக்குப் போகணும்? தங்கச்சி பேரத்தானே போடணும்?"

பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் கையை நிறுத்திவிட்டார்.

"கழுத்துல தாலி கெடக்கும்போதே, இவன் செத்தா இவளுக்குன்னு எழுதுவீகளா? அது வெளங்குமா?"

பழியை மாமியார் மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் போவதில்லை. அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் சொல்லியிருப்பேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் பெயரும் என் வீட்டுக்காரரின் சாவும் ஒரே தாளில் இருந்தால் ஏதோ நானே அதைக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. "ஆமாண்ணே, என் பேரு வேணாம். வேற யார் பேரையாச்சும் போடுங்க" என்றேன். பன்னிரண்டாவது வரை படித்தவள் நான், கூறு கெட்டவள்.

மாமியார் பெயரைப் போடலாமா என்றார் ஏஜெண்டு. "பெத்த பிள்ளைய வாரிக் குடுத்துட்டு நான் காசு வாங்கணுமாக்கும்" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. சின்னப் பிள்ளை பெயரைப் போட்டால் அதற்குப் பொறுப்பாக இன்னொருவர் பெயரையும் போட வேண்டும் என்றார் ஏஜெண்டு. அந்த இன்னொருவர் யார் என்றால் மறுபடி நான்தான். மறுபடி அதே பேச்சு. கடைசியில் என் கொழுந்தன் பெயரை எழுதினார்கள். அவனுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் சிரித்தார். "எவன் பேரைப் போட்டா என்ன மாப்ளே, நான் என்ன நாளைக்கேவா போகப்போறேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டிய துணியை எடுத்துவைக்கப் போனார்.

ஏழு வருஷம் கழித்து, ஆடி மாதக் காற்றில், தோட்டத்து நிழல் மரத்தின் கிளை முறிந்து அவர் மேல் விழுந்தது. கவாத்து பண்ணாமல் விட்ட கிளை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் என்னால் நிறுத்த முடியாது.

பணம் சுணக்கம் இல்லாமல் வந்தது. கம்பெனிமேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாளில் யார் பெயர் இருந்ததோ அவனுடைய கணக்கில் போட்டார்கள். அவனுக்கு அதற்குள் கல்யாணம் ஆகி, போடியிலேயே தனி வீடு. மூன்றாம் மாதம் அவன் வீட்டு வாசலில் ஒரு ஜீப் நின்றது. சிலமலையிலும் ராசிங்காபுரத்திலும் ஆள் ஏற்றி மலைக்குக் கொண்டுபோகிற வண்டி. நான் போய்க் கேட்டேன்.

"அண்ணன் பணம் எங்கிட்டுப் போகுது மதினி? குடும்பத்துக்குள்ளதான இருக்கு" என்றான். அவன் குரலில் கள்ளத்தனமே இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தான்.

இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "தம்பி பேரு போட்டிருந்தா, அவரு வாங்குற கை மட்டும்தாம்மா. பங்கு உங்களுக்கும் பிள்ளைக்கும் மாமியாருக்கும் உண்டு. அவரா தரலைன்னா நீங்க கோர்ட்டுக்குத்தான் போகணும்." பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "ஒரே ஒரு பாரம் எழுதிக் குடுத்திருந்தா பேரை மாத்தியிருக்கலாமே. ஏழு வருஷம் இருந்துச்சே" என்றார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏழு வருஷத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

கோர்ட் என்றதும் சொந்தபந்தம் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டது. பொம்பளைப் பிள்ளையை வைத்துக்கொண்டு சித்தப்பன் மேலேயே கேஸ் போட்டால் நாளைக்கு அவள் கல்யாணத்துக்கு யார் முன்னால் நிற்பது என்றார்கள். மாமியார் எந்தப் பக்கமும் பேசவில்லை. பேச்சு இப்படியே இழுத்ததில் மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங் கேட்டாள். கேஸ் முடிகிற வரை காலேஜ் காத்திருக்குமா? அந்த நேரம் கொழுந்தன் தானாக வந்து, "பிள்ளைய நான் படிக்க வைக்கிறேன்" என்றான். எல்லாரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். நானும் தலையாட்டினேன்.

அதிலிருந்து ஊரே அவனைக் கொண்டாடியது. இந்தக் காலத்தில் அண்ணன் மகளை எவன் படிக்க வைக்கிறான் என்று பேச்சு. முதல் வருஷக் கட்டணம் கட்டிய அன்று, "சித்தப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டுக்க ஆத்தா" என்றார் மாமியார். மகள் கும்பிட்டாள். அவள் அப்பாவின் உயிருக்கு வந்த பணத்திலிருந்து அவள் படிப்புக்குக் கொடுத்ததற்கு அவள் குனிந்து கும்பிட வேண்டும். பொட்டிபுரத்தில் ஒரு காதுகுத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து இலைக்காரி, "கொழுந்தன் தங்கமான மனுசன், நீ குடுத்து வச்சவ" என்றாள். பாதிச் சோற்றில் எழுந்து வந்துவிட்டேன். திமிர் பிடித்தவள் என்று பின்னால் பேசினார்களாம். பேசட்டும்.

முதல் இரண்டு வருஷமும் காலேஜ் பாரத்தை அவன்தான் நிரப்பினான். மூன்றாம் வருஷம் அவன் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், கவுண்டரில் என் பக்கத்தில் நின்ற மகள் கையில் பாரத்தைக் கொடுத்துவிட்டார்கள். அவள் நின்றபடியே எழுதிக் கொடுத்தாள். உள்ளே இருந்தவர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கட்டணம் செலுத்துபவர்னு கேட்டா அப்பா பேரு எழுதியிருக்க. மேல அப்பா இல்லைன்னு போட்டிருக்கியேம்மா. இங்க பணம் கட்றவங்க பேரைத்தான் எழுதணும்."

"அவருதான் சார் கட்றாரு" என்றாள். "சித்தப்பா கொண்டுவந்து குடுக்கறாங்க."

கொழுந்தன் அதற்குள் எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தான், கையில் ஏடிஎம் கார்டோடு. வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான்.

"என்ன மதினி இது? நாலு பேருக்கு முன்னாடி?"

இத்தனை வருஷமாக வாய்க்குள் மென்றுகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் வெளியே வந்தது. சத்தம் போடவில்லை. "அவ சொன்னதுல என்னப்பா தப்பு? உங்கண்ணன் காசுதான? கட்டு" என்றேன்.

கார்டை அவன் உள்ளே நீட்டவும் இல்லை, பைக்குள் வைக்கவும் இல்லை. அவன் திரும்பிப் போய்விட்டால் மகளின் படிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும், அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மகள் பாரத்தைத் திரும்பக் கேட்கவில்லை, எழுதியதை அடித்துத் திருத்தவும் இல்லை. உள்ளே இருந்தவர் பொறுமை இழந்து, "ரசீதை யார் பேருல போடச் சொல்றீங்க?" என்றார்.

"அவ எழுதின பேருலயே போடுங்க" என்று கொழுந்தன் தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கார்டை நீட்டினான்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜீப் இன்னும் அவன் வாசலில்தான் நிற்கிறது, என் மகளுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறது.