பிலோமினா பாடக் கூடாது என்றார்கள்

கிள்ளான் ஊரில் பாதிப் பேருக்கு பிலோமினா மர்ம நாவல் எழுதுகிறவள். மீதிப் பேருக்குத் துக்க வீட்டில் பாடுகிறவள். அவளையே கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்லிக்கொள்வாள். எழுத்து வெறும் மண்டை அரிப்பு, சொறிந்துவிட்டால் அடங்கிவிடும், பாட்டு அப்படியா என்பாள். அதற்கு மேலும் யாராவது "இல்லக்கா, அந்தக் கதையில..." என்று இழுத்தால் அவளுக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும்.

ரயில்வே சிக்னல்காரர் மகள். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "பொருத்தமான சந்தேக நபர் கிடைக்கல" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். காலையில் தெருப் பூனைகளுக்கு மீன் தலை வேகவைப்பாள். டிவியில் பேட்மிண்டன் வந்தால் தோற்கிறவனையும் திட்டுவாள், ஜெயிக்கிறவனையும் திட்டுவாள். அவ்வப்போது ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் போய், வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு, தன் நாவலை அடிக்கும் அச்சகத்துக்காரரோடு ஒரு சண்டை போட்டுவிட்டுத் திரும்புவாள். சண்டை போடாமல் வந்த அன்று அவளுக்குத் தூக்கம் வராது.

ஆனால் யாராவது செத்துப்போனார்கள் என்று சேதி வந்தால் வேறு பிலோமினா. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அன்பியத்துக்காரர்கள், அதாவது கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள், மாலையில் அந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். ஜெபத்துக்கு நடுநடுவே பாட்டு வரும். அழுதுகொண்டிருக்கும் சனத்துக்குப் பாட்டை எடுத்துக் கொடுக்க ஒரு குரல் வேண்டும். அந்தக் குரல் பிலோமினாவுடையது. பக்கத்தில் நின்று கீழ்க்குரல் சேர்ப்பவள் ஜெரால்டின். கான்வென்ட் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். யார் முதலில் போனாலும் மற்றவள் பாட வேண்டும் என்று எப்போதோ பேசி வைத்திருந்தார்கள். ஜெரால்டின் சிரித்துக்கொண்டு சொன்னாள், பிலோமினா அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த மாதா கோயில் சனம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். பிலோமினாவின் நாவல் ஒவ்வொன்றும் வரும்போது அதில் தங்களைத் தேடுவதே அவர்களுக்கு வேலை. கதையில் தங்கப்பல் வைத்த திருடன் வந்தான் என்பதற்காக, தங்கப்பல் வைத்த ஹென்றி அங்கிள் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். "அது நீங்க இல்ல அங்கிள். உங்கள வெச்சு நான் ஒரு பக்கம்கூட எழுத முடியாது லா!" என்று பூசை முடிந்த கையோடு அவள் கத்தினாள். அதற்கும் அவர் கோபித்துக்கொண்டார். ஊரிலிருக்கும் ஒருத்தரையும் நான் எழுதுவதில்லை என்று அவளும் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்துவிட்டாள். யார் கேட்டார்கள்?

போன வருஷம் ஞாயிறு பத்திரிகையில் அவள் எழுதிய தொடர்கதையில்தான் வினை வந்தது. வீட்டுக்கு ஆசைப்பட்டு ஒரு மகன் தாய்க்குத் தினமும் கஞ்சி ஊட்டுகிறான், அதில் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கலக்கிறான். கையால் ஊட்டுகிற மகனை யார் சந்தேகப்படுவார்கள்? வாசகர்கள் கொண்டாடினார்கள். கோயில் சனமோ முடிச்சுப் போட ஆரம்பித்தது. ஜெரால்டினுக்கு அப்போது நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. அவள் மகன் டேரன் கிள்ளான் வீட்டை விற்றுவிட்டு, பூச்சோங்கில் தன் ஃபிளாட்டுக்கு அவளைக் கூட்டிப்போயிருந்தான். பார்க்கப் போனவர்களெல்லாம், "ஜெரால்டின் எந்நேரமும் தூங்கி வழியுது" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

அவ்வளவு போதாதா? கிறிஸ்மஸ் பூசைக்கு வந்த டேரன் பக்கத்திலிருந்து இரண்டு ஆன்டிகள் எழுந்து வேறு வரிசைக்குப் போனார்கள். வாசலில் யாரோ, "அம்மாவுக்கு இன்னும் கஞ்சிதானாப்பா?" என்று கேட்டார்கள். அன்றோடு அவன் கிள்ளான் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். பிலோமினாவுக்கும் கதவு அடைபட்டுவிட்டது. "ஆன்டி, நீங்க இனி வராதீங்க," என்று ஒரே வரியில் சொல்லி போனை வைத்துவிட்டான். அவள் தூக்கி வளர்த்த பிள்ளை.

அந்த ஜெரால்டின்தான் ஒரு நாள் மாரடைப்பில் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். சேதி சொல்ல போன் செய்த ஷெர்லி, அன்பியத்துத் தலைவி, கூடவே ஒன்று சொன்னாள்.

"சிஸ்டர், நீங்க வந்து பாருங்க, ஜெபம் சொல்லுங்க. ஆனா பாட வேணாமாம். டேரன் செமினி ஊர்லேர்ந்து ஒரு பாட்டு குரூப்ப கூப்பிட்டிருக்கான். கீபோர்டெல்லாம் வருது."

பிலோமினாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கீபோர்டாம்! வழியெல்லாம் கிராப் வாடகைக் காரில் உட்கார்ந்து தனக்குத்தானே திட்டிக்கொண்டே போனாள். ஓட்டுநர் ரேடியோவைத் தணித்துவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பூச்சோங் ஃபிளாட்டில் லிஃப்ட் வாசலிலேயே ஷெர்லி கையைப் பிடித்தாள். பிலோமினா கையை உதறிவிட்டு உள்ளே போனாள். கூடத்தில் பெட்டி. பெட்டிக்குள் ஜெரால்டின், யாரோ பூசிவிட்ட உதட்டுச் சாயத்தோடு. அந்தச் சாயத்தைப் பார்த்ததும் ஆத்திரம் இன்னும் ஏறியது. அவள் வாய் திறப்பதற்குள் டேரன் வந்து அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான்.

"பிரச்சனை பண்ணாதீங்க ஆன்டி."

"நான் பண்றேனா? உங்கம்மாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன்டா. நீ யாரு தடுக்க? மாதா மேல சத்தியமா சொல்றேன், அந்தக் கதைய உன்ன வெச்சு நான் எழுதல."

"பொய் சொல்லாதீங்க."

"யாரப் பாத்து பொய்யிங்கிற?"

"அப்ப கஞ்சி விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் குரல் அடங்கியிருந்தது. அதுதான் அவளை நிறுத்தியது.

"விடியறதுக்கு முன்னாடி நான் லோரி எடுக்கணும் ஆன்டி. சாமான் ஏத்திக்கிட்டு ஹைவேல போறேன். அம்மா ராத்திரி பூரா தூங்காது. கிரில் கதவ தொறந்துகிட்டு ரோட்டுக்குப் போயிடும், கிள்ளானுக்கு ரயில் எங்கன்னு கேட்டுக்கிட்டு. ஒரு தடவ போலீஸ் கூட்டிட்டு வந்தாங்க. டாக்டர் தூக்க மாத்திரை குடுத்தாரு. வாயில வெச்சா துப்பிடும். கஞ்சியில பொடி பண்ணிக் கலந்து குடுங்கன்னு டாக்டர்தான் சொன்னாரு. அந்த அளவுக்கு மேல ஒரு தூள்கூட போட்டதில்ல. இது எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குக்கூட தெரியாது. நீங்க அத விஷம்னு எழுதிட்டீங்க."

பிலோமினாவுக்கு ஒரு பழைய போன் பேச்சு நினைவுக்கு வந்தது.

தொடர் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு காலையில் ஜெரால்டின் போன் செய்திருந்தாள். அன்று அவள் பேச்சு தெளிவாக இருந்தது. "பிலோ, உனக்கு ஒரு கதை சொல்றேன்டி," என்றாள். ஒரு அம்மா இருக்கிறாள், அவள் மகன் கஞ்சியில் மாத்திரையைப் பொடி செய்து போடுகிறான், கசக்கிறது, அவளுக்குத் தெரிகிறது, தெரிந்தே குடிக்கிறாள். பிலோமினாவுக்குக் கஞ்சி பிடித்துப்போனது. மாத்திரை விஷமாகிவிட்டால் அருமையான கொலை. ஆனால் தெரிந்தே குடிக்கிற அம்மாவை எந்த வாசகனும் ஒப்புக்கொள்ள மாட்டான்டி, அவ ஏன் குடிக்கணும் என்று கேட்டாள். "அவனும் தூங்கணும்ல," என்றாள் ஜெரால்டின். இது எடுபடாது என்று பிலோமினா சொல்லிவிட்டாள். ஜெரால்டின் கொஞ்சம் சிரித்தாள், பிறகு, இன்னைக்கு என்ன சமையல் என்று கேட்டாள்.

எத்தனை கொலையை எழுதியவள். சின்னச் சின்னத் தடயத்தையெல்லாம் வாசகன் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கத் தெரிந்தவள். உயிர்த் தோழி காதுக்குள் வந்து சொன்னது அவளுக்குப் புரியவில்லை. அவளுக்குத் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

"உங்கம்மாவுக்குத் தெரியும்டா," என்றாள். "எங்கிட்ட சொன்னா. கதைன்னு சொல்லிச் சொன்னா. நான் மட்டி, கதைன்னே நெனச்சுட்டேன்."

டேரன் அவளையே பார்த்தான். "தெரியுமா? தெரிஞ்சா அப்புறம் ஏன் குடிச்சாங்க?"

"நீ தூங்கணும்னுதான்."

அவன் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. பிலோமினா அவன் தலையில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள்.

ஷெர்லி கிட்டே வந்து காதோடு, "சிஸ்டர், இதையும் எழுதிடாதீங்க லா," என்றாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க!" பிலோமினா போட்ட சத்தத்தில் கீபோர்டுக்காரர் விரலை எடுத்துவிட்டார். "அந்தக் கதையில வர்றவன் நானா கற்பனையில செஞ்ச கேடுகெட்டவன். இந்த வீட்டுப் பிள்ளை அவன் இல்ல. இவன் அம்மாவப் பாத்துக்கிட்ட மாதிரி உங்கள்ல யாரு பாத்தீங்க? நான் பாத்தேனா? இனிமே எவளாச்சும் இவன் மூஞ்சிக்கு நேரா கஞ்சின்னு வாயத் தொறந்தா, அடுத்த கதையில பேரு, அட்ரஸ் எல்லாம் போட்டு எழுதுவேன்."

ஹென்றி அங்கிள் கையிலிருந்த காப்பிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

அவள் பெட்டியின் தலைமாட்டுக்குப் போனாள். பாடத்தான் வாயைத் திறந்தாள். பாட்டு வரவில்லை.

"ஏன்டி ஜெரால்டின், எனக்குக் கதையா சொல்வே? நேரா சொன்னா என்னடி? பிலோ, ராத்திரிக்கு வந்து படுத்துக்கோன்னு ஒரு வார்த்த. நான் என்ன புருஷன் புள்ளைன்னா கட்டிக் காக்குறேன்? ஓடி வந்திருக்க மாட்டேனா? நான் முழிச்சிருந்தா இந்தப் பிள்ளை தூங்கியிருப்பானே. நீ அந்தக் கசப்பக் குடிச்சிருக்க வேணாமேடி."

பெண்கள் அழத் தொடங்கினார்கள். பிலோமினா ஒப்பாரி வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒப்பாரியாவது ஒன்றாவது. அவள் நிஜமாகவே கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவள்போல் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுப்படியிலிருந்து டேரன் வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"பாடுங்க ஆன்டி," என்றான்.

அவள் புடவைத் தலைப்பால் ஜெரால்டினின் உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டு, பாட்டை எடுத்துக் கொடுத்தாள். கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. கீழ்க்குரல் சேர்க்க யாருமில்லாமல் தனிக் குரலாகவே கடைசி வரி வரை பாடி முடித்தாள்.