டெலிபோன் புத்தகத்தில் ஒரேயொரு பெயர்

எண்பதுகளின் நடுப்பகுதியில் லண்டனுக்கு வந்த எனக்கு முதலில் கிடைத்த வேலை லூயிஷாம் பக்கத்தில் ஒரு சலவைத் தொழிற்சாலையில். ஹோட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகள் லொறி லொறியாக வரும். துவைத்து, காயவைத்து, தேய்த்து, மடித்து அனுப்ப வேண்டும். ஏழாவது தேய்க்கும் மெஷின் என்னுடையது. அதனால் மனேஜர் என்னை 'செவன்' என்றுதான் கூப்பிட்டார்.

என் ஞானஸ்நானப் பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்தால் இங்கிலீஷில் இருபத்து மூன்று எழுத்து. முதல்நாள் என் படிவத்தைத் தூக்கிப் பிடித்து, "இது பெயரா, ரயிலா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். சிரித்தார்கள். விளங்காவிட்டாலும் நானும் சேர்ந்து சிரித்தேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் விளங்கியது.

அவருடைய பெயரோ ஆறே எழுத்து. கடைசி எழுத்து எக்ஸ். அந்தப் பெயரைப் பற்றிப் பேசாமல் அவரால் ஒரு வாரம் இருக்க முடியாது. அவருடைய தகப்பன் உக்ரேன்காரர், போர் முடிந்தபின் ஜெர்மனியில் இருந்த அகதி முகாமிலிருந்து கைக்குழந்தையோடு இங்கிலாந்துக்கு வந்தவர். வந்த சில வருடங்களில் இறந்துபோனார். மகனை வளர்த்தது ஒரு இங்கிலீஷ் சிற்றன்னை. மனேஜருக்குத் தகப்பனின் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. தெரியாத இடத்தை எல்லாம் கற்பனையால் நிரப்பி வைத்திருந்தார். பாட்டனார் பெரிய நிலவுடைமைக்காரராம், லாயத்தில் நாற்பது குதிரைகளாம். ஏதோ ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, கழுகும் வாளும் வரைந்த ஒரு குடும்பக் கேடயத்தை வரவழைத்து அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார்.

"லண்டன் டெலிபோன் புத்தகத்தில் என் பெயர் ஒன்றே ஒன்றுதான்," என்பார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "உங்கள் ஆட்களில் ஒரே பெயரில் எத்தனை ஆயிரம் பேர்?" என்று கேட்பார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பெயருக்காக ஒருவரைப் பகைக்கிற வசதி அன்று எனக்கு இல்லை. பொறுக்க முடியாதது அடுத்த வருடம் நடந்தது.

அந்த வருடத்தில் மட்டும் மூன்று அறை மாறினேன். விலாசம் நிலையாக இல்லாததால், அவசரம் என்றால் வேலைத்தலத்துக்கு எழுதச் சொல்லி மன்னாரில் இருந்த தங்கைக்கு எழுதியிருந்தேன். பல மாதம் ஒரு செய்தியும் இல்லை. சண்டைக்காலம், தபால் ஓடவில்லை என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை டூட்டிங்கில் ஒரு கடையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது, எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என்னைக் கண்டு கிட்ட வந்தார்.

"தங்கச்சி, அப்பாவின்ர விசயம் கேள்விப்பட்டனான். நல்ல மனுசன். எனக்குச் சரியான கவலை."

"என்ன விசயம் அண்ணை?"

அவர் முகம் மாறியது. "உனக்குத் தெரியாதா? ஏழு மாதமாகுதே பிள்ளை."

உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் அப்பா காய்ச்சலில் இறந்து, முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்து, ஆறு மாதமாகியிருந்தது. அந்த நாட்களில் நான் விரிப்பு தேய்த்திருக்கிறேன், சிரித்திருக்கிறேன், ஒரு கலியாணத்துக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

கொஞ்சக் காலத்தில் தங்கை கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் ஒரு பெரிய உறை கொடுத்தனுப்பினாள். உள்ளே அவள் முன்பு எழுதிய கடிதம், பிரிக்காமல் இருந்தது. கடித உறையில் என் முழுப் பெயர், தொழிற்சாலை விலாசம். அதன்மேல் சிவப்பு மையில் இங்கிலீஷில் இப்படி எழுதித் திருப்பி அனுப்பியிருந்தது: 'அப்படி ஒருவரும் இங்கில்லை.'

கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் சம்பளச் சீட்டில் பார்க்கும் கையெழுத்து. என்னோடு ஆறாவது மெஷினில் நின்ற யாழ்ப்பாணத்து அக்காவிடம் உறையைக் காட்டினேன். அவ வாயில் கையை வைத்தா.

"ஓம், எனக்கு ஞாபகம் இருக்கு. தபால்காரன் கொண்டந்து நீட்டினவன். செவன்ர பேராயிருக்கும் எண்டு நான் சொன்னனான். உவர் கேக்கேல்லை. இந்த ரயிலை ஆர் வாசிக்கிறது எண்டு சொல்லிப்போட்டு எழுதிக் குடுத்திட்டார்."

அந்தக் கணத்திலிருந்து எனக்கு ஒரு வேலை கிடைத்தது. விரிப்புத் தேய்ப்பது பக்க வேலையாகிவிட்டது.

மனேஜரை என்ன செய்யலாம்? மேலே முறையிட என் இங்கிலீஷ் போதாது. முறையிட்டாலும் எங்கே போய் நிற்பேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கு வலிக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அதைத் தேட முடிவு செய்தேன்.

சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். முதலில் டெலிபோன் புத்தகங்கள். அவர் சொன்னது உண்மைதான்: அவர் பெயர் ஒன்றே ஒன்று. மற்ற நகரங்களின் புத்தகங்களையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எங்கும் இல்லை. பிறகு ஸ்லாவியக் குடும்பப் பெயர்களைப் பற்றிய தடித்த புத்தகங்கள். அகராதியை ஒரு கையால் புரட்டிக்கொண்டு வாசிப்பேன். தொழிலால் வந்த பெயர், ஊரால் வந்த பெயர், பட்டப்பெயராய் ஒட்டிக்கொண்டது என்று எத்தனையோ வகை இருந்தன. எக்ஸில் முடிவது ஒன்றும் இல்லை. நூலகப் பெண்மணி நான் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நினைத்தா. நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

இப்படியே சில வருடங்கள் போயின. கோபம் ஆறிவிடும் என்று சொல்கிறார்களே, எனக்கு ஆறவில்லை. நான் ஆற விடவில்லை. உறையை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் திறந்தால் அது கண்ணில் படும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் மாதா கோயிலுக்கு ஒரு வயதான உக்ரேன்காரி வரத் தொடங்கினா. பீடத்துக்குப் பூ வைக்க நாங்கள் இருவரும் ஒரே கிழமையில் முறை போட்டிருந்தோம். அவவின் இங்கிலீஷ் என்னுடையதைப்போல் உடைந்தது. அதனால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். ஒருநாள் மனேஜரின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன்.

"இது எங்கள் பெயர் இல்லை," என்றா. "எவருடைய பெயரும் இல்லை. இப்படி ஒரு சொல்லே கிடையாது."

அடுத்த கிழமை என் சம்பளச் சீட்டைக் கொண்டுபோய், அடியில் அவர் கூட்டெழுத்தில் போட்டிருந்த கையொப்பத்தைக் காட்டினேன். கிழவி மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒரு நொடி பார்த்தா. பிறகு சத்தமாக ஒரு சொல்லை வாசித்தா. நான் அதுவரை கேட்காத சொல். வாசித்துவிட்டு, கையிலிருந்த பூவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தா.

விளக்கம் சுலபமானது. அவர்களுடைய கூட்டெழுத்தில் இங்கிலீஷ் 'என்' போலத் தெரிவது 'ப' ஓசை. 'எம்' போலத் தெரிவது 'த'. 'எக்ஸ்' என்பது தொண்டையில் வரும் ஒரு 'க'. முகாமில் அந்தத் தகப்பன் தன் மொழியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த மொழி தெரியாத ஒரு எழுத்தர் அதை இங்கிலீஷ் என்று நினைத்து எழுத்துக்கு எழுத்து அப்படியே பிரதி பண்ணியிருக்கிறார்.

"தகப்பன் ஏன் திருத்தவில்லை?" என்று கேட்டேன்.

"அந்த நாளில் யார் வாய் திறப்பார்கள்? பத்திரத்தில் பிழை என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். என் கணவரின் பிறந்த வருடமே பிழை. சாகும்வரை அவர் அந்தப் பிழையோடுதான் இருந்தார்."

"அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"ஊர் மாடு மேய்ப்பவன். எங்கள் பக்கத்தில் மரத்தை உலுக்கினால் நாலு பேர் இந்தப் பெயரில் விழுவார்கள்."

எழுத்துக்களின் விசயம் எனக்கும் நடந்த விசயம்தான் என்று அப்போது தோன்றாமல் இல்லை. என் பாஸ்போர்ட்டிலும் ஊர்ப்பெயர் பிழை. நானும் வாய் திறக்கவில்லை. அந்தத் தகப்பனுக்காக ஒரு நிமிடம் மனம் இளகியது. மகனுக்காக இளகவில்லை. கிழவியிடம் அந்தச் சொல்லை அவர்களுடைய கூட்டெழுத்தில் பெரிதாக எழுதித் தரச் சொன்னேன். எதற்கு என்று அவ கேட்கவில்லை. அதற்கு ஒரு படச்சட்டம் வாங்கிப் போட்டேன்.

பிறகும் நான் அவசரப்படவில்லை. மனேஜர் சேர்ந்து இருபத்தைந்து வருடமாகிறது, முதலாளி கன்ரீனில் மத்தியான விருந்து வைக்கப்போகிறார் என்று அறிவித்தல் வந்தது. விருந்துக்கு முன்னமே ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை தேடி உறுதிப்படுத்திக்கொண்டேன். ஆறாவது மெஷின் அக்காவுக்கு மட்டும் சொன்னேன்.

"விடும் பிள்ளை. இவ்வளவு காலம் போட்டுது. இனி என்னத்துக்கு?"

"ஏலாது அக்கா."

விருந்தில் முதலாளி பேசினார். பெயர் செதுக்கிய வெள்ளித் தட்டு ஒன்றைக் கொடுத்து, "இந்த நாட்டில் வேறு எவருக்கும் இல்லாத பெயர்," என்று புகழ்ந்தார். கைதட்டி முடிந்ததும் நான் எழுந்தேன். பிரவுன் பேப்பரில் சுற்றிய சட்டத்தை மனேஜரின் முன்னால் வைத்தேன்.

அவர் பிரித்தார். "இது என் கையொப்பம் மாதிரி இருக்கிறதே," என்று சிரித்தார்.

"உங்கள் உண்மையான பெயர்," என்றேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று நூறு தடவை சொல்லிப் பார்த்த இங்கிலீஷ். எழுத்தரின் பிழையைச் சொன்னேன். எந்த எழுத்து எந்த ஓசை என்று விரலால் தொட்டுக் காட்டினேன். அர்த்தத்தை மெதுவாக, தெளிவாகச் சொன்னேன்.

ஒரு லொறி டிரைவர் மாடு மாதிரிக் கத்தினான். முதலாளிதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். முதல்நாள் என் பெயரைக் கேட்டுச் சிரித்த அதே சிரிப்பு. மனேஜரின் காது சிவந்தது. நான் உறையை எடுத்து வெள்ளித் தட்டின்மேல் வைத்தேன்.

"டெலிபோன் புத்தகத்தில் ஏன் ஒன்றே ஒன்று என்று இப்போது தெரிகிறதா? அப்படி ஒருவரும் இல்லை. நீங்கள் எழுதிய வசனம்தான்."

அவர் உறையைப் பார்த்தார். தன் கையெழுத்தைக் கண்டுகொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "இது என்ன கடிதம்?" என்று கேட்டார்.

நடிக்கவில்லை. உண்மையிலேயே ஞாபகம் இல்லை. என்னுடைய இத்தனை வருடங்களும் அவருக்கு ஒரு தபால்காரன் வந்துபோன அரை நிமிடம்.

"என் அப்பா இறந்த செய்தி," என்றேன். எவரும் சிரிக்கவில்லை. நான் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் தளத்தில் நடந்தால் எங்கிருந்தோ ஒரு மாடு கத்தும் என்று அக்கா போனில் சொல்லுவா. கழுகுக் கேடயம் சுவரிலிருந்து இறங்கிவிட்டது. ஒரு வருடத்துக்குள் அவர் வேலையை விட்டார். ஒவ்வொரு செய்தியையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அது இனித்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

ஆனால் ஒருநாள் பூ வைக்கும்போது கிழவி முகம் மலர்ந்து சொன்னா: "உன் மனேஜர் என் வீட்டுக்கு வந்தார்." சட்டத்தைத் தூக்கிக்கொண்டு, எழுதியது யார் என்று உக்ரேன்காரர்களின் கோயில்களிலெல்லாம் விசாரித்து வந்திருக்கிறார். அந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்று ஒரு பின்னேரம் முழுவதும் படித்தாராம். அவர் தகப்பனின் ஊர்ப்பெயர் பழைய பத்திரத்தில் இருந்தது. அங்கே எல்லைகள் திறந்திருந்த காலம்; கிழவி கடிதம் எழுதிக் கொடுத்தா. பதில் வந்தது. அந்த ஊரில் பாதிப்பேருக்கு அதே பெயர். தகப்பனின் கூடப்பிறந்த தங்கை உயிரோடு இருந்தா. தமையன் போரில் செத்துவிட்டான் என்று நாற்பது வருடத்துக்கு மேலாகப் பூசை வைத்து வந்தாவாம்.

"மனிதர் என் மேசையில் தலையை வைத்து அழுதார்," என்று கிழவி கண்ணைத் துடைத்தா.

எனக்கு வயிறு எரிந்தது. எத்தனை சனிக்கிழமைகளைக் கொடுத்து நான் செய்த ஆயுதம், கடைசியில் அவருக்குச் சீதனமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. இல்லாத பெயரை எடுத்துவிட்டு ஒரு ஊரையே கொடுத்திருக்கிறேன். எனக்கோ ஒன்றும் திரும்பவில்லை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது அவர் வாசலில் நின்றார். தொப்பி கையில் இருந்தது. மெலிந்திருந்தார். மன்னிப்புக் கேட்டார், சுற்றி வளைக்காமல் கேட்டார், அதை ஒத்துக்கொள்கிறேன். பிறகு சொன்னார்: "அத்தையைப் பார்க்கப் போகிறேன். அந்த ஊர்க் கோயிலில் உன் தகப்பனுக்கும் ஒரு பூசை வைக்க விரும்புகிறேன். அவர் பெயரைச் சொல்வாயா?"

"இல்லை," என்றேன். "அப்பாவின் பெயரை நீங்கள் சொல்லத் தேவையில்லை."

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். கிழவி சில கிழமைகள் என்னோடு பேசவில்லை. தனித்தனியாகப் பூ வைத்தோம்.

பெரிய வெள்ளிக்கு முதல் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லும்படியும் அந்த மனிதரை மன்னிக்க முயலும்படியும் சொன்னார். மந்திரம் பத்தையும் முழங்காலில் நின்று சொன்னேன். மற்றதை இன்றுவரை முயன்று பார்க்கவில்லை.