உள்ளங்கைச் சூட்டில் வளர்ந்த பிஸ்டன்

பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் உதிரிப் பாகங்களை அளந்து பார்த்து பாஸ் செய்வது என் வேலை. என் கணவர் விடுமுறை நாட்களில் பைக் ரேஸ் ஓட்டுபவர். இன்ஜினைப் பிரித்து இன்னும் வேகமாக ஓடும்படி கட்ட, உள்சுவரில் நிக்கல் பூச்சு போட்ட சிலிண்டரையும் அதற்கேற்ற பிஸ்டனையும் அவரே தேர்ந்தெடுத்தார்.

சிலிண்டர் முந்தின நாளே கம்பெனியில் நாங்கள் அளக்கும் ஏசி அறைக்கு வந்துவிட்டது. பிஸ்டனை மறுநாள் மதியம், ஓசூர் ரோடு வெயிலில் பைக் டேங்க் மேல் வைத்துக் கொண்டுவந்தார். வாங்கிய கையோடு அளந்தேன். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியில் பாதிதான் இருந்தது.

"ரொம்ப டைட்டுங்க. இப்படியே போட்டா ஓடும்போதே பிடிச்சுக்கும்."

"சிலிண்டர லேசா கடைஞ்சிடலாமா?"

"பூச்சு போயிடுமே."

"அப்ப பிஸ்டனத் தேய்ச்சிடலாம். ஆடுகோடில நம்ம ஃப்ரெண்டு லேத் வச்சிருக்கான். மொதல்ல ஊட்டா முடிச்சிட்டு வரலாம் வா."

எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று சொல்வதற்காக, சாப்பிட்டு வந்து மறுபடி அளந்தேன். இடைவெளி மிகச் சரியாக இருந்தது. வெயிலில் விரிந்திருந்த பிஸ்டன் ஏசியில் சுருங்கியிருக்கிறது. கம்பெனிப் பொருளை ஆறவைக்காமல் நான் அளந்ததே இல்லை. வீட்டுப் பொருள் என்றதும் அவசரப்பட்டுவிட்டேன்.

அவர் நம்பவில்லை. பிஸ்டனை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு சிறிது நேரம் நின்றார். அளந்தேன். வளர்ந்திருந்தது.

இப்போது இரண்டையும் ஒரே மேஜையில் ஓர் இரவு வைத்துவிட்டுத்தான் அளக்கிறேன். அவரும் ரேஸுக்கு முன், சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்து சூடாகும்வரை ஆக்சிலேட்டரை முறுக்குவதில்லை. நண்பர்கள் அவசரப்படுத்தினால், "இருங்கப்பா, உள்ள அது வளரட்டும்" என்கிறார்.

- ரேவதி, சந்தாபுரா