விளக்குக் கம்பத்தடி அப்பா

சென்ற மாதம் லண்டனிலிருந்து என் மைத்துனர் அனுப்பிய பொதியைப் பிரித்தபோது புதுப் பிளாஸ்டிக் வாசனை குப்பென்று வந்தது. உள்ளே ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். படம்தான் பழையது, அதைப் பதிந்த வட்டத்தட்டு புத்தம் புதிது. எடுத்த ஸ்டூடியோக்காரர்களே மூலச் சுருளைத் தேடிப் பிடித்து, கழுவித் துடைத்து, கதாநாயகனின் மூக்கு மயிர்வரை தெரியும்படி மறுபடி வெளியிட்டிருக்கிறார்களாம். போட்டுப் பார்க்கும் கருவியையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். தப்பிக்க வழியே வைக்கவில்லை மனுசன். படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் இதை விட்டுவிட்டு அதைத் தேடப் போய்விடுவீர்கள்.

பழைய படங்களைப் புதுப்பிப்பதைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் "மங்கலில்தான் ஐயா அழகு" என்று பிரசங்கம் செய்கிறவன் நான். அது கலைக்கொள்கை என்று நண்பர்கள் நம்பினார்கள். அது வெறும் பயம்.

வீடியோக் கசட்டின் வாசனை வேறு. பள்ளிக்கூடம் முடித்த கையோடு வெள்ளவத்தையில் ராசா அண்ணையின் வீடியோக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடலுக்குப் போகும் ஒழுங்கையில் கடை. உப்புக்காற்றுக்குக் கசட்டுகளில் வெள்ளையாய்ப் பூஞ்சணம் பிடிக்கும். நாடாவை இழுத்து ஸ்பிரிட் துணியால் துடைப்பது என் வேலை. அதனால் கடை ஆஸ்பத்திரி மாதிரி மணக்கும், நாடாவில் கிடந்த கதாநாயகர்கள் எல்லாரும் நோயாளிகள். சென்னையிலிருந்து யாராவது கொண்டுவரும் கசட்டிலிருந்து ஒரு கொப்பி அடிப்போம், அதிலிருந்து இன்னொன்று. நாலாவது கொப்பியில் கதாநாயகியையும் வில்லனையும் குரலை வைத்துத்தான் பிரிக்கலாம்.

அடிக்கும்போது ஒவ்வொரு படத்தின் அடியிலும் ராசா அண்ணை ஒரு கறுப்புப் பட்டி போடுவார். கடையின் பெயரும், தயவுசெய்து திருப்பிச் சுற்றித் தரவும் என்ற வேண்டுகோளும் தொடக்கம் முதல் முடிவுவரை அதில் நிற்கும். "கள்ளர் கொப்பி அடிச்சாலும் எங்கட பேர் கூடப் போகும் தம்பி" என்பார். நாங்கள் அடிப்பது என்ன என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அங்கேதான் ஒருநாள் இந்தப் படம் கைக்கு வந்தது. வெள்ளவத்தைக் கடற்கரையில் எடுத்த ஒரு பாட்டுக் காட்சி இதில் வருகிறது. கதாநாயகன் பாட, சுற்றிலும் ஊர்ச்சனம். அந்தச் சனத்தில் என் அப்பாவும் ஒருவர். புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்த அப்பா, வயிற்றுக் குத்து என்று லீவு போட்டுவிட்டு ஷூட்டிங் பார்க்கப் போனவர். படம் கொட்டாஞ்சேனைத் தியேட்டருக்கு வந்தபோது நான் கைக்குழந்தை. சரியாக அந்தப் பாட்டுக்கு நான் வீரிட்டு அழ, அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாராம். எங்கே நின்றீர்கள் என்று அம்மா பிறகு கேட்டதற்கு அப்பா பதில் சொல்லவே இல்லை. "கண்டுபிடிச்சால் ஐஸ் சொக் வாங்கித் தருவன்" என்று எங்களைச் சீண்டிக்கொண்டே இருந்துவிட்டு, சொல்லாமலே செத்தும் போனார். பிறகு கலவரத்தில் கொட்டாஞ்சேனை வீடு எரிந்தபோது அல்பமும் எரிந்தது. ஊரில் பெரியப்பா வீட்டில் இருந்த ஒன்றிரண்டு படங்கள் போர்க்கால இடப்பெயர்வில் போயின. அப்பாவின் முகம் உலகத்தில் வேறெங்கும் இல்லை, அந்தப் பாட்டைத் தவிர.

கசட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டோம். கூட்டத்தின் பின்னால், விளக்குக் கம்பத்தடியில், நெடுப்பமாய் ஒரு உருவம். கையில் குடை, தலை நிறைய முடி. "அந்தா அப்பா!" என்றார் அம்மா. சித்தப்பாவும் ஆமோதித்தார்: "அண்ணைதான். அந்த நிலையைப் பார், என்ன கம்பீரம்!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். அப்பாவின் திவசத்தில் படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட்டதும் அந்தப் பாட்டைப் போட்டு, கம்பம் வரும் இடத்தில் நிறுத்துவோம். படம் நடுங்கிக்கொண்டு நிற்கும். அம்மா கும்பிடுவார். என் கல்யாணப் படத்தில் நான் ஒருபக்கம் சாய்ந்து நெஞ்சை நிமிர்த்தி நிற்பதும் அந்த உருவத்தைப் பார்த்துப் பழகியதுதான். போட்டோக்காரர் மட்டும் "முதுகு சுளுக்கா?" என்று கேட்டார். பின்னாளில் கசட் கெட்டுப்போக, அதிலிருந்தே எடுத்த சீடி வந்தது. மங்கலும் பட்டியும் மாறவில்லை.

இப்போது விளங்கியிருக்கும் என் பயம். மங்கல் இருக்கும்வரை அவர் அப்பா. துடைத்தால்?

திவசத்துக்கு முதல்நாள் காலை, அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத் தட்டைப் போட்டேன். கம்பம் வந்தது. கண்ணாடி போலத் தெளிவு. கம்பத்தடியில் நின்றவர் சனத்தைக் கட்டுப்படுத்த வந்த பொலிஸ்காரர். குடை என்று நினைத்தது குண்டாந்தடி. முடி என்று பெருமைப்பட்டது தொப்பி. இத்தனை வருடமாக நாங்கள் வடையும் பாயசமும் படைத்துக் கும்பிட்டது கடமையில் நின்ற ஒரு கொன்ஸ்தாபிளை!

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இருக்கும் ஒரே முகத்தையும் பிடுங்கி எறிவதா? டீவியை அணைத்துவிட்டுத் தட்டை ஒளிக்க ஓடினேன். மறுநாள் முழு வீடும் சமையலறையில்தான் நிற்கும் என்பது தெரிந்தும், பயத்தம்பருப்பு டின்னுக்குள் வைத்த மூளை என்னுடையது.

"இஞ்சாருங்கோ, படத்தை ஏன் பருப்புக்குள்ள வைச்சனீங்கள்?" என்று திவசத்தன்று மனைவி அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள், சித்தப்பா வெற்றிலை போடும் நேரம் பார்த்து.

"போடு பிள்ளை, அண்ணையைப் பாப்பம்" என்றார் அவர்.

"கரண்ட் போகப் போகுதாம்" என்றேன்.

"போகேக்க போகட்டும். இப்ப இருக்குத்தானே" என்றார் அம்மா.

பாட்டு வந்தது. கம்பமும் வந்தது. நான் யன்னலுக்கு வெளியே காகத்தைப் பார்த்தேன். சித்தப்பாவின் குரல்தான் முதலில் கேட்டது: "டேய், இது பொலிஸ் ராளாமி எல்லோ!"

அம்மா அழுவார் என்று காத்திருந்தேன். அம்மா கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "அதுதானே பாத்தன். அந்த மனுசன் எப்ப ஒரு இடத்தில நேரா நிண்டவர்? திருப்பிப் போடு."

மனைவி திருப்பிப் போட்டாள். அம்மா எழுந்து டீவிக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். திரையின் அடியில், முன்பு ராசா அண்ணையின் பட்டி நின்ற இடத்தில், விரலை வைத்தார்.

"இஞ்ச பார்."

முன்வரிசையில், மணலில், சப்பாத்துகளைக் கழற்றி மடியில் வைத்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் கடலைச் சுருள். ஒரு கடலையை மேலே எறிந்து வாயால் பிடித்தார். எல்லாரும் கதாநாயகனைப் பார்க்க, அவர் மட்டும் கமராவைப் பார்த்துச் சிரித்தார். முன்பல்லில் இடைவெளி. என் வாயில் இருக்கும் அதே இடைவெளி.

"அண்ணை!" என்றார் சித்தப்பா. வெற்றிலை வாயிலிருந்து விழுந்தது.

அம்மா சிரித்த சிரிப்பைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "வயித்துக் குத்து எண்டு லீவு போட்டிட்டுக் கடலை தின்னுறார் பார்!"

நண்பரே, எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இந்தமுறை யாரையும் பார்த்துப் பழகாமல். எங்கள் குடும்பத்தில் கம்பீரம் இல்லை. முன்வரிசை உண்டு. முதலாளிக்குப் பொய் சொல்லிவிட்டுக் கமராவுக்கு நேரே போய் உட்காரும் துணிச்சல் எத்தனை கிளாக்கருக்கு வரும்?

பிரசங்கத்தை வாபஸ் வாங்கிவிட்டேன். ஸ்டூடியோக்காரர்கள் இருக்கிற சுருளையெல்லாம் எடுத்துக் கழுவட்டும். கதாநாயகனுக்காக இல்லை, அவரை எப்படியும் எல்லாருக்கும் தெரியும். அவரைச் சுற்றி இருந்தவர்களுக்காக. அந்தக் கொன்ஸ்தாபிளுடைய பிள்ளைகளும் களுத்துறையிலோ குருநாகலிலோ எங்கள் மாதிரி யாரோ ஒருவரைத் தாத்தா, சிங்களத்தில் அப்பா, என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

மறுநாள் பின்னேரம் அம்மா தன்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். ராசா அண்ணையின் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். தண்டவாளத்தைக் கடந்தோம். படத்தில் நூறுபேர் உட்கார்ந்திருந்த மணலைக் காணவில்லை. கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. இருப்பது கருங்கல் அணை மட்டும், அதற்கப்பால் தண்ணீர். விளக்குக் கம்பமும் இல்லை.

அம்மா தண்டவாளத்தைத் திரும்பிப் பார்த்தார், கடலைப் பார்த்தார், மனதுக்குள் ஏதோ அளந்தார். பிறகு அலை உடையும் இடத்துக்கும் அப்பால் கையை நீட்டினார்.

"அந்தா, அதிலதான் இருந்திருக்கிறார். பின்னுக்கு நிண்டவை எல்லாம் இந்தக் கல்லுக்குள்ள. உன்ர அப்பாதான் எல்லாருக்கும் முன்னுக்கு."