மோட்டார் ஓடாத அரைமணி

எங்கள் தென்னந்தோப்பு அப்பாவுடையது என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அப்பாவுக்கு உடுமலைப்பேட்டையில் பம்புசெட் கடை. காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். உரம் வைப்பதும் தண்ணீர் பாய்ச்சுவதும் காய் போட ஆள் பிடிப்பதும் அம்மா. ஆனாலும் விவசாய ஆபீசிலிருந்து வருகிறவர்கள், "ஐயா இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா கண்டுகொள்ள மாட்டாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் தேங்காயில் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பூச்சி விழுந்தது. காயெல்லாம் சொறி பிடித்துச் சிறுத்துப்போனது. அதைப் படம் பிடிக்க டிவியின் விவசாய நிகழ்ச்சிக்காரர்கள் வந்தார்கள். அவர்களும் அப்பாவைத்தான் தேடினார்கள். அவர் கடையில் இருந்ததால், வேறு வழியில்லாமல் அம்மாவிடம் மைக்கை நீட்டினார்கள். நான் அப்போது கோவையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். என்ன பேசினாய் என்று போனில் கேட்டதற்கு, "என்னமோ கேட்டாங்க கண்ணு, சொல்லிப்போட்டேன்" என்றாள் அம்மா. அப்பா போனை வாங்கி, "அதெல்லாம் வெட்டிப்போட்டு ஆபீசரத்தான் காட்டுவாங்க அம்மணி" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது. அம்மா பேசுவதைப் பதிந்து, அப்பாவை எதிரில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

உடுமலையில் வாடகைக்குக் கிடைத்த வீடியோ டெக்குகள் படம் போடுமே தவிரப் பதியாது. அதனால் என் கம்ப்யூட்டரில் டிவி கார்டு ஒன்றை மாட்டி, மானிட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுபோனேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போட்டார். வீட்டு ஆன்டெனா ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகியதும் படம் தெளிவாக வந்தது. பத்து நிமிஷம் பதிந்தால் டிஸ்க் நிரம்பிவிடும். அது போதும், அம்மா முகம் வந்ததும் ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

கரண்டுதான் வில்லங்கம். மோட்டார் ஓட்டத் தேவையான மூணு பேஸ் கரண்ட் வந்ததும் சுற்றுவட்டார மோட்டாரெல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். பல்பு மினுக்கும், கம்ப்யூட்டர் அணைந்துபோகும். அம்மா பேசியது டிவியில் வரப்போகிற அந்த வாரம் மூணு பேஸ் வந்ததோ சரியாக நிகழ்ச்சி நேரத்தில். விடுவேனா? தோட்டம் தோட்டமாகப் படியேறினேன்.

"ஏனுங் மாமா, நாளைக்குச் சாயங்காலம் ஒரு அரைமணி நேரம் மோட்டாரு போடாம இருக்கோணுங்க" என்றேன் மேற்குத் தோட்டத்துக்காரரிடம்.

"வெளையாடறயா கண்ணு? கரண்டு வர்றதே கொஞ்ச நேரம். டிவிக்காகத் தென்னையக் காயப்போடச் சொல்றயா?"

"டிவிக்கில்லீங்க. எங்கம்மாவுக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "உங்கம்மா சொல்லித்தான் எங்க மரத்துக்கும் வேர்ல மருந்து கட்டுனேன். சேரி போ, போடமாட்டேன்."

மற்றவர்களும் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் அம்மா முகம் கழுவிப் புதுச்சேலை கட்டி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நிகழ்ச்சியில் முதலில் ஆபீசர் பேசினார். நான் மவுசில் கை வைத்துக் காத்திருந்தேன். அம்மா முகம் வந்தது. அழுத்தினேன். அவள் ரெண்டு வார்த்தை பேசியிருப்பாள், பல்பு மங்கியது, கம்ப்யூட்டர் செத்துப்போனது.

எவன் வாக்குத் தவறியது என்று வாசலுக்குப் பாய்ந்தேன். சத்தம் எங்கள் கிணற்றடியிலிருந்து வந்தது! கரண்ட் வந்தால் தானாக மோட்டாரைக் கிளப்பும் ஆட்டோ சுவிட்சை அப்பா கடையிலிருந்து கொண்டுவந்து மாட்டியிருந்தார். ஊரெல்லாம் கெஞ்சிய நான் எங்கள் மோட்டாரை மறந்தே போயிருந்தேன்.

அம்மா அதற்குள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடிக்கொண்டிருந்தாள். மோட்டார் நின்றது. நான் கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பினேன். அது சாவகாசமாக எழுந்தது. அதைத் திட்டாத திட்டில்லை. படம் திரும்ப வந்தபோது திரையில் அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். கடைசித் துண்டு மட்டும் பதிந்தது.

மூச்சு வாங்க வந்தவள், "போயிருச்சா?" என்றாள். பதிந்த துண்டைப் போட்டேன்.

"தோப்ப யாருங்க பாத்துக்கறாங்க?" என்று ஒரு குரல் கேட்டது. அம்மா கேமராவை நேராகப் பார்த்தாள். "நாந்தானுங்க. கன்னு வெச்சதுலருந்து நாந்தான் பாக்கறேன்."

வீட்டில் ஒருநாளும் அம்மா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சந்தோஷத்தில் துள்ளினேன். "அப்பா வரட்டும், சட்டையக்கூட கழட்ட உடாம இதப் போட்டுக் காட்டறேன்!" என்றேன்.

அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, இந்தத் தடவை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அவருக்குப் பொறவு காட்டிக்கலாம். எனக்கு இன்னொருக்கா போடு."